துடைத்த இடமும் துடைக்காத இடமும்

போன கோடை விடுமுறையில் என் முகப் பவுடர் பிரஷ் காணாமல் போயிற்று. பெண்களின் பையிலிருந்து ஒரு பொருள் காணாமல் போனால் வீட்டில் இருக்கும் ஆண்கள் அதை ஒரு பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. "பவுடரைக் கையாலேயே பூசிக்கொள்ளேன்" என்றார் எங்கள் வீட்டுக்காரர். சவரப் பிரஷ் காணாமல் போயிருந்தால் சோப்பைக் கையாலேயே பூசிக்கொண்டிருப்பாரா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. வந்திருப்பது தேனிக்கு, பெரியப்பா வீட்டுக்கு; அங்கே வந்து சண்டை எதற்கு என்று விட்டுவிட்டேன்.

பிரஷ் கடைசியில் திண்ணையில் அகப்பட்டது. என் பதினான்கு வயதுப் பிள்ளையின் கையில், கன்னங்கரேலென்று, அடுப்புக்குள் விட்டு எடுத்தது மாதிரி இருந்தது. எதிரே பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் ஒரு சின்ன ரயில் என்ஜின். வெளிநாட்டிலிருந்து வந்த அவன் மாமா வாங்கிக்கொடுத்தது. நிஜ என்ஜினை எண்பத்தேழில் ஒரு பங்காகக் குறுக்கிச் செய்தது. பெட்டியைப் பிரித்தபோது புதுப் பட்டுப்புடைவை மாதிரி மினுமினுத்தது. அதைத்தான் பையன் அழுக்காக்கிக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கின பொருளையா இப்படிப் பண்ணுகிறாய்?" என்றேன்.

"அம்மா, நிஜ என்ஜின் இப்படிப் பளபளவென்றா இருக்கும்? இது பொம்மை மாதிரி இருக்கிறது. புகையும் தூசியும் படிந்தால்தான் என்ஜின் மாதிரி இருக்கும்" என்றான்.

யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வது நியாயந்தான். வாங்கி வந்த அன்றைய தோசைக்கல்லையும் பத்து வருஷம் புழங்கிய தோசைக்கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது சமையலறைச் சாமான், எது கடைச் சாமான் என்று குழந்தைகூடச் சொல்லும். பாட்டி வீட்டு விளக்கு மாடத்தைச் சித்திரமாக எழுதுகிறவன், மாடத்துக்கு மேலே நாக்கு நீட்டினாற்போல் ஏறியிருக்கும் கரியை எழுதாவிட்டால் அது வெறும் சுவரில் ஒரு பொந்து, அவ்வளவுதான்.

சின்ன ரயில்களை வைத்துக்கொண்டு பெரிய மனிதர்கள் விளையாடும் இந்தப் பழக்கம் வெளிநாடுகளில் வெகு நாளாக உண்டு. நம் தேசத்திலும் புனே நகரில் ஜோஷி என்பவர் ஆயுள் முழுவதும் சேர்த்துக் கட்டிய சிறு ரயில் காட்சிசாலை 1998ஆம் வருஷத்திலிருந்து ஜனங்களுக்காகத் திறந்திருக்கிறது. ஆனால் அழுக்குப் பூசுவதை ஒரு கலையாகவே ஆக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவில் மான்டரே என்ற ஊரில் இருந்த ஜான் ஆலன். தொழில், போட்டோ எடுப்பது. தம் வீட்டின் நிலவறை முழுவதும் மலையும் பள்ளத்தாக்கும் பாலமுமாக ஒரு ரயில் உலகத்தைக் கட்டினார். அவருடைய என்ஜின்கள், கட்டடங்கள் எல்லாம் வெயிலில் வெளுத்து, மழையில் கறுத்து, துரு வழிந்து நின்றன. தம் ரயில்வே கம்பெனிக்கு அவர் வைத்த பெயரை வேகமாக உச்சரித்தால், 'ரத்தக்களரியாகித் தோற்றுப் போனது' என்று அவர்கள் பாஷையில் அர்த்தம் வருமாம்! மனிதர் தமாஷ்காரர்தான். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். பத்து நாள் கழித்து வீட்டில் தீப்பிடித்து அந்த ரயில் உலகத்தில் பெரும் பகுதி அழிந்தது. செயற்கையாகக் கரி பூசி வைத்ததன் மேல் கடைசியில் நிஜக் கரியே படிந்துவிட்டது. படித்தபோது எனக்கு ஏனோ மனசு கஷ்டமாக இருந்தது.

இருக்கட்டும். செய்முறையைச் சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம்.

இதற்கு வேண்டியது பேஸ்டல் கட்டி. குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் படம் எழுதுகிறார்களே, அந்த எண்ணெய்ப் பேஸ்டல் அல்ல. அது மெழுகு மாதிரி அப்பிக்கொள்ளும், பொடியாகாது. 'ஸாஃப்ட் பேஸ்டல்' என்று கேட்டு வாங்க வேண்டும். பார்வைக்குச் சாக்குக்கட்டி போல இருக்கும். கறுப்பு, சாம்பல், வெள்ளை, காவி, காப்பிப்பொடி நிறம், இந்த ஐந்தும் இருந்தால் போதும். பிளேடால் சுரண்டினால் பொடி உதிரும். உப்புத்தாளில் தேய்த்தாலும் சரி. கர்ப்பூர டப்பாவின் மூடிகளில் தனித்தனியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியது.

இதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. பளபளப்பான பரப்பில் பொடி நிற்காது. எண்ணெய் வழியும் முகத்தில் பவுடர் எப்படித் திட்டுத் திட்டாக நிற்குமோ அப்படி நிற்கும். ஆகையால் என்ஜினை விரல் பிசுக்குப் போகத் துடைத்து, மினுமினுப்பில்லாத 'மேட்' வார்னிஷை லேசாகத் தெளித்து, ஒரு நாள் காயவிட வேண்டும். அப்புறம் மிருதுவான பிரஷால் (வீட்டுப் பெண்களிடம் கேட்டு வாங்கிய பிரஷால் என்று அழுத்திச் சொல்கிறேன்) பொடியைத் தொட்டு, ஒரு தட்டுத் தட்டி, பூச வேண்டும். புகைக்கரி மேலிருந்து கீழே வரும். பாதைத் தூசி கீழிருந்து மேலே ஏறும். மழைத் தண்ணீர் வழிந்த கோடு நேர் செங்குத்தாக இறங்கும். இந்த மூன்றையும் மாற்றிப் பூசிவிட்டால் என்ஜின் ஹோலி விளையாடிவிட்டு வந்ததுபோல் ஆகிவிடும்.

இதில் பெரிய சௌகரியம் ஒன்று. பிடிக்கவில்லையென்றால் ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். வர்ணத்தில் இந்தச் சலுகை கிடையாது. திருப்தியானபின், அதே மேட் வார்னிஷை ஓர் அடி தள்ளியிருந்து பனி மாதிரித் தெளித்து நிலைப்படுத்த வேண்டும். அப்போது பூசியதில் பாதி மறைந்தாற்போல் தோன்றும். வெள்ளைப் பொடி அநேகமாகக் காணாமலே போய்விடும். பயப்படாமல் இன்னொரு தரம் பூச வேண்டியதுதான்.

பாதையோரத்து மண்ணையே சலித்துப் பூசினால் என்ன, அதைவிட நிஜம் உண்டா என்று நான் கேட்டேன். பையன் கணக்குப் போட்டுக் காட்டினான். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருக்கும் சின்ன மணல்கூட, எண்பத்தேழு மடங்கு பெருக்கிப் பார்த்தால் எட்டரை மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. என்ஜின் மேல் தூசி படிந்த மாதிரி இராது. கூழாங்கல் கொட்டிய மாதிரி இருக்கும். பேஸ்டல் பொடி மணலைக் காட்டிலும் எத்தனையோ நயமானது. ஆகவேதான் அது.

அந்த நயமே ஆபத்தும்கூட. மூக்கிலும் மார்பிலும் போகும். முகத்துக்குத் துணி கட்டிக்கொள்ள வேண்டும். வாயால் ஊதவே கூடாது. சில நிறங்களில் விஷச் சத்து உண்டாகையால் கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். மின்விசிறியும் கூடாது. இதை அனுபவத்தில் சொல்கிறேன். புழுங்குகிறதே என்று எங்கள் மதினி நல்லெண்ணத்தோடு விசிறியைத் தட்டிவிட்டாள். அன்று சலித்து வைத்திருந்த இடியாப்ப மாவு கேழ்வரகு மாவாகிவிட்டது.

இவ்வளவும் விளையாட்டு. பெரியப்பா திண்ணைக்கு வந்தபோதுதான் விஷயம் வேறு மாதிரி ஆயிற்று.

பெரியப்பாவுக்கு வயது எண்பத்து நாலு. ரயில்வேயில் கிளீனராகச் சேர்ந்து, பயர்மேனாகி, டிரைவராக ஓய்வு பெற்றவர். பயர்மேன் என்றால் ஓடுகிற என்ஜினில் நின்றபடி மண்வெட்டியால் கரி அள்ளி அடுப்பில் போடுகிறவர். கிளீனர் என்றால் அதற்கும் கீழே. ஷெட்டில் என்ஜினைத் துடைக்கிற பையன். இந்தப் பக்கத்துப் பாதை அப்போது மீட்டர் கேஜ். மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் வரை தொண்ணூறு கிலோமீட்டர். 1928ல் போட்டது. மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய்க்காகப் போட்ட பாதை என்பார்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். 1950களில் மறுபடி போட்டார்கள். 2010 டிசம்பர் கடைசி நாளோடு சின்ன வண்டி நின்றது. அகலப் பாதையாக மாற்றி, தேனி வரை வண்டி வர 2022 மே மாதமும், போடி வரை போக 2023 ஜூனும் ஆயிற்று. பதினோரு வருஷத்துக்கு மேலாகத் தேனியில் விசில் சப்தமே இல்லை. கம்பத்துக்கும் கூடலூருக்கும் இன்றுவரை ரயில் எட்டிப் பார்த்ததில்லை என்பது அந்த ஊர்க்காரர்களுடைய நெடுநாள் குறை.

அந்தக் கடைசி வண்டிக்கு அப்புறம் பெரியப்பா ஸ்டேஷன் பக்கம் போனதே இல்லை. புது வண்டி வந்த அன்று ஊரே திரண்டு போயிற்று. மதினியும் பிள்ளைகளும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாராம். ரயில் பேச்சே வீட்டில் எடுக்கிறதில்லை.

அன்று திண்ணைக்கு வந்தவர், கண்ணாடியைச் சரி செய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

"என்ன ராசா பண்ணுற?"

"என்ஜினுக்கு அழுக்குப் பூசறேன், தாத்தா."

அவர் முகம் மாறிவிட்டது. "அழுக்கா?" என்றார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "தாயி, ரெண்டு வருசம் நான் துடைச்சேன். எண்ணெயும் வேஸ்ட் பஞ்சும் வச்சுத் துடைச்சுத் துடைச்சு நகக்கண்ணெல்லாம் வெடிச்சுப் போகும். ராத்திரி சோத்துல கை வைக்க முடியாது. ஒங்க பெரியம்மா பிசைஞ்சு கொடுப்பா. நாங்க துடைச்சதைப் பையன் காசு செலவழிச்சு அழுக்காக்குறானாக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

பையன் பிரஷைக் கீழே வைத்துவிட்டான். எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நாம் காலையில் பெருக்கி மெழுகிய வாசலை ஒருவர் சேற்றுக் காலோடு மிதித்துவிட்டு, "இப்படி இருந்தால்தான் வாசல் மாதிரி இருக்கிறது" என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் கம்பத்திலிருந்து மதினியின் தம்பி ஒரு கூடை பன்னீர் திராட்சை கொண்டு வந்தார். கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் பூராவும் காய்க்கிற கறுப்புத் திராட்சை. 2023ல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது. கொடியிலிருந்து அறுத்த கையோடு வந்தபடியால் பழத்தின் மேல் அந்தச் சாம்பல் பூத்தாற்போன்ற பொடி அப்படியே இருந்தது. அது மருந்தடித்த பொடியென்று நம்மில் பலர் நினைத்துத் தேய்த்துக் கழுவுகிறோம். பழத்தின் தோலிலேயே இயற்கையாக ஊறுகிற மெழுகு அது. (மருந்தும் அடிக்கிறார்கள், ஆகையால் கழுவத்தான் வேண்டும்.) பையன் ஒரு பழத்தை எடுத்தான். விரல் பட்ட இடத்தில் பொடி அழிந்து, கறுப்பு மினுங்கிற்று.

பெரியப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தா, இங்க கொண்டா" என்றார். பழத்தை அல்ல, என்ஜினை.

மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்ம ஊர் என்ஜின் இல்ல. போகட்டும், கரி எல்லா ஊர்லயும் கரிதான். ஆனா இத்தனை கறுப்பு என்னத்துக்குப் பூசியிருக்கே? என்ஜின் கறுப்பா இருக்கும்னு யாருடா சொன்னது? இந்தப் பழத்தைப் பாரு. விரல் படாத இடம் இருக்கே, அதான் என்ஜினோட நெறம். விரல் பட்ட இடம் இருக்கே, அது நாங்க துடைச்ச இடம்" என்றார்.

அவ்வளவுதான், அணை திறந்த மாதிரி ஆயிற்று. ஒவ்வொரு இடமாகக் காட்டினார். என்ஜினின் முன் வயிற்றில், புகைபோக்கிக்கு அடியில் இருக்கிற அறை சூட்டிலேயே வெந்து வர்ணம் பொரிந்துவிடும். அங்கே செங்கல் கலந்த சாம்பல் நிறம். அதன் கதவுக்கு அடியில் சாம்பல் அள்ளிக் கொட்டுகையில் சிந்தின வெளுப்பு. பாய்லரின் மேலே நீராவி சீறுகிற வால்வைச் சுற்றியும், தண்ணீர்க் குழாய் இணைப்புகளின் அடியிலும் வெள்ளைக் கோடு வழிந்திருக்கும். உப்புத் தண்ணீர் காய்ச்சும் வெந்நீர் அண்டாவின் ஓரத்தில் வெள்ளையாய்க் காரை கட்டுமே, அதேதான். எனக்குப் பட்டென்று புரிந்தது, பையனுக்குத்தான் புரியவில்லை. அவன் அண்டாவை எங்கே கண்டான்!

சக்கரத்துக்குப் பக்கத்தில் மணல் குழாய் என்று ஒன்று உண்டாம். ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில், மழை பெய்து தண்டவாளம் நனைந்திருந்தால், சக்கரம் வழுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றும். அப்போது டிரைவர் மணலைத் தண்டவாளத்தின் மேல் விடுவார். அதனால் அந்தக் குழாயைச் சுற்றி வெளிறின தூசி. "அந்த ஏத்தத்துல ஒருக்க..." என்று ஆரம்பித்து, ஒரு மழை ராத்திரியைப் பற்றி முக்கால் மணி நேரம் சொன்னார். மதினி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டதில்லையாம்.

பையன் பூசியிருந்த துருவுக்குத்தான் பலமான திட்டு. ஆரஞ்சு நிறத்தில் எல்லா இடத்திலும் பூசி வைத்திருந்தான். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பாம் இது. "ஓடுற என்ஜினுக்குத் துரு ஏது? மேலெல்லாம் எண்ணெய். துரு பிடிச்சா அது ஷெட்டுக்குப் பின்னால ஓரங்கட்டின என்ஜின். நீ இதை ஓட்டப் போறியா, ஓரங்கட்டப் போறியா?" என்று கேட்டார். பையன் ஈரத் துணியை எடுத்துத் துருவை எல்லாம் துடைத்தான். சக்கரத்தின் ஓடும் விளிம்பில் மட்டும் பொடியே படக்கூடாது. நிஜத்தில் அது உராய்ந்து உராய்ந்து வெள்ளி மாதிரி மின்னும். பொம்மையிலும் அந்த விளிம்பு வழியாகத்தான் மின்சாரம் மோட்டாருக்குப் போகிறது. பொடி படிந்தால் வண்டி நகராது.

கடைசியில் சொன்னதுதான் எந்தப் புஸ்தகத்திலும் இல்லாதது. கிளீனர் பையன் தரையில் நின்று துடைப்பான். கை எட்டுகிற உயரம் வரைதான் துடைப்பு. அதற்கு மேலே, ஏணி போட்டு ஏறச் சொல்லி மேஸ்திரி அதட்டினால் உண்டு. இல்லாவிட்டால் கரி கரியாகவே இருக்கும். ஆகவே பாய்லரின் பக்கவாட்டில் ஒரு கோடு விழும். கீழே துடைத்தது, மேலே துடைக்காதது. பையன் உடனே கணக்குப் போட்டான். கை எட்டும் உயரம் ஆறடி என்றால் இருபத்தோரு மில்லிமீட்டர். அந்த உயரத்துக்குக் கீழே ஈரத் துணியை ஊசிமுனையில் சுற்றி, வளைவு வளைவாகத் துடைத்தான்.

"இன்னும் கொஞ்சம் கீழ. நான் அப்பக் குள்ளம்" என்றார் பெரியப்பா.

டிரைவர் ஏறும்போது பிடிக்கிற கம்பி, விளக்கின் கண்ணாடி, நம்பர் பலகை, இந்த மூன்றிலும் அழுக்கே கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பொடி பூசின பின் அந்த இடங்களைத் தம் துண்டின் நுனியை எச்சில் தொட்டு அவரே துடைத்தார். பையன் வார்னிஷ் தெளிக்கிறவரை என்ஜினை ஒருவர் கையிலும் கொடுக்கவில்லை.

நீராவி என்ஜின் ஓடி நீங்களும் பிள்ளைகளும் பார்க்க வேண்டுமானால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் போகிற மலை வண்டி இருக்கிறது. 2005ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்ட பாதை. அந்த என்ஜின்களைத் திருச்சி பொன்மலைப் பட்டறையில்தான் பழுது பார்க்கிறார்கள். போனால் எந்த இடத்தில் கரி, எந்த இடத்தில் துடைப்பு என்று கவனித்துப் பாருங்கள். சமையலறை நடத்துகிற நமக்கு அது ஆண்களைக் காட்டிலும் சீக்கிரம் கண்ணில் படும்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று பையன் என்ஜினைப் பெட்டியில் வைக்கப் போனான். பிறகு என்ன நினைத்தானோ, பெரியம்மாவின் படத்துக்குக் கீழே இருக்கும் அலமாரியில் வைத்துவிட்டு வந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. பெரியப்பா ஸ்டேஷனுக்கு வந்தாரா என்று கேட்பீர்கள். வரவில்லை. தெருமுனை வரை வந்தார்.

போன வாரம் மதினி போன் செய்தாள். "தினம் காலையில குளிச்சிட்டு வந்து அந்த நம்பர் பலகையை ஒரு தடவை துண்டால துடைக்கிறாரு. துடைச்சுத் துடைச்சு அந்த இடம் மட்டும் வார்னிஷ் போயிப் பளபளன்னு ஆயிருச்சு. பையன் வருத்தப்படுவானே" என்றாள்.

பையனிடம் சொன்னேன்.

"துடைக்கட்டும் அம்மா. கிளீனர் இருக்கிற என்ஜின் அப்படித்தான் இருக்கும்" என்றான்.

எனக்கு இன்னும் புதுப் பிரஷ் வந்து சேரவில்லை.